உங்கள் இடம் உறுதி

வில்லியனூரில் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் நம் தொழில் பிள்ளைகளுக்கு,

அடுத்த கூட்டத்துக்கு என்னை வரச் சொல்லியிருந்தீர்கள். தலைப்பையும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள்: 'இணையப் பக்கத்தை வேகமாக்குவது எப்படி?' மைக் பிடிக்க எனக்குப் பயமில்லை. என் வாய்க்குப் பயந்து அடிக்கடி டீ குடிக்கப் போனவர்கள் எங்கள் ஆபீஸில் உண்டு. ஆனால் பேச ஆரம்பித்தால் எங்கே சிரிக்க வைக்கலாம் என்றே பார்ப்பேன், சொல்ல வேண்டியதைத் தாண்டிப் போய்விடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். யாராவது ஒருவர் வாசித்துவிடுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: டிராக்டர் உதிரிபாகக் கடைக்கு மேல் மாடியில், எட்டுப் பேர் வேலை பார்த்த ஒரு சிறிய கம்பெனியில் இருபத்து மூன்று வருடம் இருந்தேன். பக்கத்தின் முன்பக்கம்தான் என் வேலை. அதாவது மக்கள் கண்ணால் பார்ப்பதும் விரலால் தொடுவதும். எழுத்து, நிறம், பட்டன், தொட்டவுடன் என்ன நடக்கிறது என்பது. தகவல் போய்ச் சேரும் சர்வரை வேறு ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். ஆபீஸில் எனக்கு 'ஸ்பீடு அக்கா' என்று பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்த எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு இருக்கிறது.

அந்தப் பெயர் வந்த கதை சேதராப்பட்டில் நடந்தது. அங்கே ஒரு தொழிற்சாலையில், வேலைக்கு வருகிறவர்கள் கேட்டில் போனைத் திறந்து அன்றைய பாஸைக் காட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். அந்தப் பக்கத்தை நான் செய்தேன். மேலே தொழிற்சாலையின் பெரிய போட்டோ, அதன்மேல் மிதந்து வரும் எழுத்து, மூன்று விதமான எழுத்துரு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் கண் இமைப்பதற்குள் திறந்தது. முதல் நாள் காலையில் பாராட்டு வாங்கலாம் என்று நானே கேட்டுக்குப் போய் நின்றேன்.

சங்கு ஊதும் நேரம். கேட்டுக்கு வெளியே கூட்டம் அப்படியே நிற்கிறது. எல்லார் கையிலும் போன், எல்லாப் போனிலும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் யாரென்று தெரியாத ஒரு பெண் என்னிடம் வந்தார். "யக்கா, எனக்கு சுத்திக்கினே இருக்குது. ஒங்க போன்ல வருதா பாருங்களேன்." என் போன் விலை கூடியது. பக்கம் அழகாகத் திறந்து நின்றது. "வருதும்மா," என்றேன். அவர் என் போனைப் பார்த்தார், தன் போனைப் பார்த்தார். அதற்குள் சங்கு ஊதிவிட்டது. சங்குக்குப் பிறகு உள்ளே போனவர்களுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டார்கள்.

அன்றே போட்டோவையும் மிதக்கும் எழுத்தையும் தூக்கி எறிந்தேன். கடையில் இருப்பதிலேயே மட்டமான போன் ஒன்றை வாங்கி வந்து மேஜையில் வைத்தேன். அதற்குப் பிறகு நான் செய்த ஒவ்வொரு பக்கமும் முதலில் அந்தப் போனில் திறந்தாக வேண்டும். அப்படித்தான் 'ஸ்பீடு அக்கா' ஆனேன். இதுவரை சொன்னதில் எந்தத் தப்பும் இல்லை. மட்டமான போனில் திறக்காத பக்கத்தைப் பக்கம் என்றே நான் இன்றும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதை நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இனிமேல் வருவதுதான் நான் சொல்ல வந்தது.

எங்கள் ஊர்ப் பகுதியில் ஓர் அறக்கட்டளை டயாலிசிஸ் மையம் நடத்தியது. சிறுநீரகம் பழுதானவர்கள் வாரத்துக்கு இரண்டு முறை வந்து, ஒரு நாற்காலியில் நாலு மணி நேரம் சாய்ந்து, மெஷின் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். நாற்காலிகள் குறைவு, காத்திருப்போர் அதிகம். அதனால் ஒரு விதி வைத்திருந்தார்கள். முறை வரும் நாளுக்கு முந்தைய நாள் மாலை ஏழு மணிக்குள், 'நாளை வருகிறேன்' என்று போனில் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் அந்த நாற்காலி காத்திருப்போரில் ஒருவருக்குப் போய்விடும். அந்தப் பக்கத்தை நான்தான் செய்தேன்.

இரண்டு மாதத்தில் புகார் வந்தது. பட்டனை அழுத்தினால் வட்டம் சுற்றுகிறதாம், முடிவதே இல்லையாம். கரையாம்புத்தூர், பண்டசோழநல்லூர் பக்கமெல்லாம் சாயங்காலம் ஆனால் சிக்னல் செத்துவிடும். கரையாம்புத்தூர் மாநில எல்லையில் இருக்கும் ஊர். போன் ஒரு நிமிடம் நம் பக்கத்து டவரைப் பிடிக்கும், மறு நிமிடம் கடலூர் பக்கத்து டவருக்குத் தாவும். தாவும்போது போய்க்கொண்டிருக்கும் தகவல் அறுந்துவிடும். "ஒங்க பக்கம் ரொம்ப ஸ்லோ," என்று மையத்தின் மேலாளர் போனில் சொன்னார். ஸ்லோ! என்னிடம்! அன்று மதியச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

நான் செய்த மாற்றத்தை நீங்களும் என்றாவது செய்வீர்கள், அதனால் கவனமாகச் சொல்கிறேன். பட்டனைத் தொட்டவுடன் பச்சை டிக் வரும்படி செய்தேன். சர்வரின் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. தகவல் பின்னால் மெதுவாகப் போகட்டும், போகாவிட்டால் பக்கமே திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கட்டும், பார்ப்பவருக்கு அந்தத் தொல்லை எதற்கு? நம் தொழிலில் இது ஊரறிந்த உத்திதான். ஒரு படத்துக்கு லைக் போடும்போது இதயம் உடனே சிவப்பாகிறதே, அதுவும் இதுதான். அந்த லைக் போய்ச் சேராவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

இதில் ஓர் ஓட்டை இருந்தது. பக்கம் திறந்திருக்கும் வரைதான் திரும்ப அனுப்பும். மூடிவிட்டால் அந்தத் தகவல் அதோடு போயிற்று. அது எனக்குத் தெரியும். மூட மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஆபீஸில் சுகுணா என்று ஒரு பெண் இருந்தாள். நாங்கள் செய்யும் பக்கங்களைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. பண்டசோழநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். புது டிக்கை ஒருநாள் வீட்டுக்குப் போகும் வழியில் சோதித்துவிட்டு, மறுநாள் காலையில் பையைக்கூட இறக்காமல் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"யக்கா, இது பொய் சொல்லுதுக்கா."

"இன்னாடி பொய்?"

"நெட்டப்பாக்கம் தாண்டுனா செக்னலே இல்ல. அங்க வச்சி அழுத்துறேன், பச்சை வருது. செக்னலே இல்லாத போன்ல எப்பிடிக்கா பச்சை வரும்?"

"செக்னல் வந்தா அதுவா அனுப்பிடும்."

"அதுக்குள்ள மூடிட்டா?"

"ஏன் மூடப் போறாங்க?"

"முடிஞ்சிடுச்சின்னு நீங்கதான சொல்றீங்க? முடிஞ்சிடுச்சின்னா மூட மாட்டாங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம். அதைச் சரிசெய்ய இன்னும் ஒரு வாரம் வேண்டும், மேலாளரிடம் ஏற்கெனவே 'ஆச்சு' என்று சொல்லிவிட்டேன். சுகுணா விடவில்லை, முறைப்படி பிழைக் குறிப்பாகப் பதிவு செய்தாள். 'பிழை இல்லை. இப்படித்தான் வேண்டும்' என்று அதற்கடியில் எழுதி, என் பெயரைப் போட்டு அந்தக் குறிப்பை மூடினேன்.

பச்சை டிக் பெரிய வெற்றி. மேலாளர் போன் செய்து, "பட்டுன்னு வருது மேடம், வயசானவங்கல்லாம் சந்தோஷப்படறாங்க," என்றார். அந்த நாட்களிலேயே மூன்று நான்கு பேர் டிக்கை நம்பி மையத்துக்கு வந்து, பட்டியலில் பெயர் இல்லாமல் நின்றிருக்கிறார்கள். பெரியவர்கள் ஏதோ தப்பாக அழுத்தியிருப்பார்கள் என்று நினைத்த நர்ஸ், ஒருவரை முன்னே தள்ளி ஒருவரைப் பின்னே தள்ளி எப்படியோ உட்கார வைத்துவிட்டார். இது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை மதியம் மேலாளர் மறுபடி கூப்பிட்டார். டிக்குக்குக் கீழே 'பதிவாகிவிட்டது' என்று இருந்தது. பதிவு என்றால் சிலருக்குப் புரியவில்லையாம், தெம்பாக ஏதாவது போடுங்கள் என்றார். 'உங்கள் இடம் உறுதி' என்று மாற்றினேன். எழுத்தைக் கொஞ்சம் தடிமனாக்கினேன். பத்து நிமிட வேலை. எதிர் மேஜையில் இருந்தவரைக் கூப்பிட்டு, நன்றாக இருக்கிறதா என்று காட்டிக்கூடக் கொண்டேன்.

கரையாம்புத்தூரில் கலியமூர்த்தி என்று ஒரு கரும்பு விவசாயி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு மெஷின். போனில் அழுத்துவது அவர் மனைவி அஞ்சலாட்சி. கடலூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கும் மகள் பவித்ராதான், பச்சை டிக் வந்தால் போதும் என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். நம் ஜனங்கள் எதையும் போட்டோ பிடித்து வைத்துக்கொள்வார்கள். கரண்ட் பில், ரேஷன், மருந்துச் சீட்டு, எதுவானாலும் போனில் ஒரு படம் இருந்தால்தான் நிம்மதி. அந்தத் திங்கட்கிழமை மாலை அஞ்சலாட்சி பட்டனை அழுத்தினார். பச்சை டிக் வந்தது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, போனை வைத்துவிட்டு மாடு கறக்கப் போனார்.

சிறுநீரகக்காரர்களுக்கு இளநீர் ஆகாது. கலியமூர்த்திக்கு இளநீர் என்றால் உயிர். மூன்று நாள் ஆசையை அடக்கியிருப்பார், மெஷின் நாளன்று காலையில் மட்டும் தன் கொல்லை மரத்து இளநீரில் அரை டம்ளர். எப்படியும் மெஷின் எடுத்துவிடும் என்று ஒரு கணக்கு. டாக்டர் திட்டியிருக்கிறார், நர்ஸ் திட்டியிருக்கிறார், ஆனாலும் விடவில்லை. டயாலிசிஸ் செய்துகொள்ளும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள், இந்த மாதிரி ஒரு சலுகை ஏதாவது இருக்கும். செவ்வாய்க்கிழமை காலையில் அஞ்சலாட்சி, போனில் இருந்த டிக்கை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, இளநீரை ஊற்றிக் கொடுத்தார். இருவரும் முதல் பஸ்ஸில் கிளம்பினார்கள்.

மையத்தில் அவர் பெயர் இல்லை. அவருடைய நாற்காலியில் காத்திருப்போர் பட்டியலிலிருந்து வந்த ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார், கையில் ஊசி ஏற்றி மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது. அன்று எல்லா நாற்காலிகளும் நிறைந்திருந்தன. அஞ்சலாட்சி போனை நீட்டினார். காலையிலிருந்து நாலு பேரிடம் வாக்குவாதம் செய்து களைத்திருந்த நர்ஸ், "யம்மா, இது போன வாரத்து போட்டோ. எல்லாரும் இப்பிடித்தான் பழச காட்டுறீங்க. நாளைக்குக் காலையில மொத ஆளா வாங்க," என்றார். மூச்சு வாங்கினால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்படியும் சொன்னார். விசாரிக்கிறோம் என்று அந்தப் படத்தை மட்டும் மையத்தின் நம்பருக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். இளநீர் குடித்ததைச் சொல்ல அஞ்சலாட்சிக்குப் பயம். சொல்லவில்லை.

முந்தைய வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் உடம்பில் சேர்ந்த நீரும் கழிவும் வெளியேறவில்லை. வீடு திரும்பிய பிறகு, அன்று மதியம் மூன்று மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கார் பிடித்துக் கிளம்பினார்கள். பாதி வழியில், ஏம்பலம் தாண்டும்போது கலியமூர்த்தி இறந்துவிட்டார்.

அன்றைக்கே அவருடைய அண்ணன், எல்லார் முன்னாலும் அஞ்சலாட்சியின் போனைப் பிடுங்கித் தரையில் அடித்து உடைத்தார். "அமுக்க மறந்துட்டு, பழைய போட்டோவ காட்டி ஊர ஏமாத்த பாத்தியா?" என்று கேட்டாராம். ஹாஸ்டலிலிருந்து வந்த மகள், அப்பாவுக்கு இளநீர் கொடுத்தாயா என்று ஒரே கேள்வி கேட்டாளாம். கொடுத்தேன் என்றதும், அதற்குப் பிறகு அம்மாவோடு பேசவில்லை.

புதன்கிழமை காலை அந்தப் படம் எனக்கு வந்தது. 'நோயாளி இறந்துவிட்டார். அழுத்தியதாக மனைவி சொல்கிறார். பார்த்துச் சொல்லவும்' என்று மேலாளர் எழுதியிருந்தார். படத்தைத் திறந்தேன். பச்சை டிக். மேலே நேரம் ஐந்து ஐம்பத்திரண்டு, பக்கத்தில் சிக்னல் இருக்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி. பக்கம் திறக்கும்வரை இருந்த சிக்னல், அழுத்தும்போது போயிருக்கிறது. தேதி இல்லை, தேதி போட எனக்குத் தோன்றவில்லை. டிக்குக்குக் கீழே, தடித்த எழுத்தில், 'உங்கள் இடம் உறுதி'.

அந்த வார்த்தைகள் திங்கட்கிழமை மதியத்துக்கு முன்னால் உலகத்தில் எந்தப் போனிலும் இல்லை. போன வாரத்துப் படமாக இருந்தால் 'பதிவாகிவிட்டது' என்றுதான் இருந்திருக்கும். அந்தப் பெண் திங்கட்கிழமை மாலை அழுத்தியிருக்கிறார், விதிப்படி நேரத்துக்குள் அழுத்தியிருக்கிறார். இதை நர்ஸால் சொல்ல முடியாது, மேலாளரால் சொல்ல முடியாது. என் ஒருத்தியால்தான் சொல்ல முடியும்.

முதலாளி என் மேஜைக்கு வந்தார். நல்ல மனிதர்தான். "சர்வர்ல வந்திருக்கா மேடம்?" என்று கேட்டார்.

"வரல சார்."

"அப்ப நம்ம பக்கம் தப்பில்ல. அத மட்டும் எழுதிக் குடுத்துடுங்க."

அவருக்கு அந்த டிக்கின் விஷயம் தெரியாது. நான் சொல்லவில்லை. 'மேற்படி நோயாளியின் கோரிக்கை எங்கள் சர்வருக்கு வந்து சேரவில்லை' என்று ஒரே வரி எழுதி அனுப்பினேன். அந்த வரியைப் படித்த மையம், அஞ்சலாட்சி அழுத்தவில்லை என்று புரிந்துகொண்டது. அப்படித்தான் புரிந்துகொள்வார்கள் என்று தெரிந்துதான் எழுதினேன். அன்று மதியமே உட்கார்ந்து, சர்வரிலிருந்து பதில் வந்த பிறகுதான் டிக் வரும்படி பழையபடி மாற்றினேன். ஒரு வாரம் ஆகும் என்று நான் பயந்திருந்தது, பக்கத்தை மூடினாலும் தகவல் போய்ச் சேரும்படி செய்யும் வேறு வேலை. இது இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. என்ன மாற்றம் என்று எழுதும் இடத்தில் 'சிறு திருத்தங்கள்' என்று போட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். எட்டுப் பேர் வேலை, கம்பெனி பெயர், கோர்ட், கேஸ் என்று நானும் எனக்குள் நிறையச் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் இருக்கட்டும். உள்ளே இருந்தது ஒன்றுதான்: ஸ்பீடு அக்காவின் பக்கத்தால் ஓர் ஆள் செத்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

சுகுணா அந்த ஒரு வரியைப் படித்தாள். மாற்றிய டிக்கையும் சோதித்தாள். மாலையில் எல்லாரும் கிளம்பிய பிறகு வந்து நின்றாள்.

"நீங்க எழுதுனதுல ஒரு எழுத்துகூட பொய் இல்லக்கா," என்றாள். "அதான் எனக்கு பயமா இருக்குது."

அடுத்த மாதம் அவள் வேலையை விட்டுவிட்டாள். அவளை நிறுத்தி வைக்க நான் முயற்சி செய்யவில்லை. அவள் போனது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் என்னை விடவில்லை. அவளுடைய சித்தியைக் கரையாம்புத்தூரில்தான் கொடுத்திருந்தார்கள். எப்போதாவது போன் செய்வாள். திட்ட மாட்டாள். "அந்தம்மாவ பங்காளி வூட்டு விசேஷத்துக்கு யாரும் கூப்புடலியாம்கா." இன்னொரு தடவை, "பொண்ணு பொங்கலுக்குக்கூட வர்லியாம்கா, ஹாஸ்டல்லியே இருந்துக்கிச்சாம்." அவ்வளவுதான் சொல்வாள், வைத்துவிடுவாள். சரிம்மா என்பேன். மறுநாள் வேலைக்குப் போவேன், யாருடைய பக்கத்தையாவது வேகமாக்குவேன்.

இப்படிப் பதினான்கு மாதம். வேலையில் இருந்தவரை நான் வாய் திறக்கவில்லை. ஓய்வு பெற்று, மாலை போட்டு, எல்லாரும் என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசி, அதெல்லாம் முடிந்து இரண்டாவது வாரத்தில்தான் கரையாம்புத்தூருக்குப் பஸ் ஏறினேன். அதைத் தைரியம் என்று யாரும் தயவுசெய்து சொல்லாதீர்கள். இழக்க ஒன்றும் இல்லாதபோது போனேன்.

காலை பத்தரை மணி இருக்கும். அஞ்சலாட்சி வாசலில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு. டயாலிசிஸ் மையத்துக்குப் பக்கம் செய்துகொடுத்த கம்பெனியில் வேலை பார்த்தவள் என்று சொன்னேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார்.

"நீங்க அன்னிக்கி அழுத்துனீங்கம்மா," என்றேன். "ஒங்க மேல தப்பு இல்ல. எங்க பக்கம்தான் தப்பா காட்டிடுச்சி."

அவர் தலையை ஆட்டினார். "இல்லம்மா. நான் அமுக்கல. மறந்துட்டேன்."

"அமுக்குனீங்கம்மா."

"இல்ல. மொதல்ல அமுக்குனேன்னுதான் சொல்லிக்கினு இருந்தேன். அப்பறம் யோசிச்சி யோசிச்சி பாத்தா, நான் அன்னிக்கி அமுக்குனதே ஞாபகம் வர்ல. மாடு கறந்ததுதான் ஞாபகம் வருது. எல்லாரும் சொல்றப்போ பொய்யா இருக்குமா? ஒங்கள யாரு அனுச்சாங்க? எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றீங்களா?"

இதற்கு நான் தயாராகப் போகவில்லை. அழுவார், திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நினைத்திருந்தேன். தான் அழுத்தியதையே நம்பாமல் போயிருப்பார் என்று நினைக்கவில்லை. என் போனில் வைத்திருந்த அந்தப் படத்தை எடுத்துக் காட்டினேன். இந்த வார்த்தைகளைத் திங்கட்கிழமை மதியம் நான்தான் என் கையால் போட்டேன், அதற்கு முன்னால் எடுத்த படமாக இது இருக்க வழியே இல்லை என்று, சின்னச் சின்னதாக, மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவர் போனைக் கையில் வாங்கிக்கொண்டார். 'உங்கள் இடம் உறுதி' என்று எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"அப்ப நான் அமுக்கியிருக்கேன்," என்றார்.

"ஆமாம்மா."

"அமுக்கிட்டுத்தான் எளநி குடுத்தேன்."

"ஆமாம்."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தம் வராமல், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாடு தவிட்டுத் தொட்டியை முட்டிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். "இப்பவாச்சும் கண்டுபுடிச்சி, தேடிக்கினு வந்து சொன்னீங்களே. ஒங்க புள்ள குட்டிங்க நல்லா இருக்கணும்மா."

இப்போதுதான் கண்டுபிடித்தேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். திருத்த வேண்டிய இடம் அதுதான். நான் திருத்தவில்லை. அந்தக் கையை விட மனம் வரவில்லை.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? எம் பொண்ணுகிட்ட சொல்லுங்க," என்றார். "எம் நம்பர்லேந்து போட்டா எடுக்க மாட்டா. ஒங்க போன்லேந்து போடுங்க." நம்பரை மனப்பாடமாகச் சொன்னார். போட்டேன். தானும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார்.

பவித்ரா எடுத்தாள். யார் என்று சொன்னேன், என்ன வேலை பார்த்தேன் என்று சொன்னேன், அம்மாவின் பக்கத்தில்தான் இருக்கிறேன் என்றும் சொன்னேன். அம்மா அழுத்தினார், தப்பு என்னுடையது என்று டிக்கின் கதை முழுக்கச் சொன்னேன். படத்தில் இருக்கும் வார்த்தைகளையும் சொன்னேன். படித்த பெண், ஒரே தடவையில் புரிந்துகொண்டாள்.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும் மேடம்?" என்றாள்.

அஞ்சலாட்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுநாளே தெரியும்," என்றேன்.

"அம்மாகிட்ட குடுங்க," என்றாள் பவித்ரா.

அஞ்சலாட்சி ஏற்கெனவே கையை நீட்டியிருந்தார். போனை வாங்கிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஸ்பீக்கரை நிறுத்த அவருக்குத் தெரியவில்லை. மகள் அழுவது வாசல் முழுக்கக் கேட்டது. "அழுவாதடி. அழுவாத. சாப்ட்டியா நீ?" என்று இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கையில் இருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேசி முடித்து வந்தார். போனை என் கையில் கொடுக்கவில்லை, நாற்காலியின் ஓரத்தில் வைத்தார். தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சி," என்றார். "கெளம்புங்க."

பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் கிளம்பினேன்.